கசிவு, பதினெட்டு நிமிடம்

படகோனியாவின் இந்த ஓரத்தில்
காற்றுக்கு யாரும் காசு கொடுத்ததில்லை.
கொமொதோரோவில் கார்க் கதவை அசட்டையாகத் திறந்தால்
கீலோடு பிடுங்கிக்கொண்டு போகும்.
காயப்போட்ட சட்டையை
அடுத்த தெருவில் போய் விசாரிக்க வேண்டும்.
இந்த ஊரில்தான்
என் புருஷனுக்கு
தவணை முறையில் காற்று வாங்கினோம்.

ரொட்டிப் பெட்டி அளவு.
ஒரு நீர்த்தொட்டி, நெளியும் குழாய், சிலிக்கான் மூக்கு.
ஆஸ்பத்திரியில் ஓர்னெலா பட்டையை இறுக்கிக் காட்டியபடி
"மணிக்கு நாற்பத்தொரு தடவை மூச்சு நின்றிருக்கிறது" என்றாள்,
ஏதோ புதுச் செய்தி சொல்வதுபோல.

எனக்குத் தெரியாததா?
பத்தொன்பது வருஷம்
குறட்டை அறுந்த இடத்தில் கண்விழித்து
ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியவள்.
இருபதுவரை பொறுப்பேன்.
முப்பதில் முழங்கை.
ஒருதரம், யாமிலா என் வயிற்றில் இருந்தபோது,
நாற்பத்தேழு வரை போனது.
அந்த எண்ணை எந்த மெமரி கார்டும் சேமிக்கவில்லை.

அனிபால் எண்ணெய்க் கிணறுகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன்.
பிப்ரவரியில், மூன்றாம் எண் நெடுஞ்சாலையில்,
பட்டப்பகலில் கண் செருகி
அரை கிலோமீட்டர் கம்பி வேலியை இழுத்துக்கொண்டு போனான்.
குறுக்கே குவானாக்கோ ஓடியது என்றான்.
கம்பெனி டாக்டர் குவானாக்கோவை நம்பவில்லை.
தொண்ணூறு இரவு, இரவுக்கு நாலு மணி நேரம்,
கணக்குக் காட்டினால் சாவி.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விடிவது
செல்போனில் ஒரு சின்ன முகம் சிரித்த பிறகுதான்.
முதல் இரவு: ஒரு மணி பதினோரு நிமிடம்.
ஓடுகிற லாரியிலிருந்து தலையை நீட்டியதுபோல் இருக்கிறதென்று
பிய்த்தெறிந்தான்.
ஆறாம் இரவில் கால் மணி நேரம் குறைந்தது;
விடிந்தபின் மறுபடி மாட்டிக்கொண்டு
பழைய கால்பந்து ஆட்டம் பார்த்து நிரப்பினான்.
பெட்டிக்கு மூச்சுதான் தெரியும்,
தூக்கம் தெரியாது.

பதினாறாம் இரவு
ஏழரை மணி நேரம். நின்றது மணிக்கு இரண்டு தடவை.
கனவு வந்தது என்றான்.
எத்தனையோ வருஷம் கழித்து முதல் கனவு.
பெரிதாக ஒன்றுமில்லை, டயர் மாற்றுகிறானாம்.
அதை இரண்டு தரம் சொன்னான்.

"இனி நீயும் தூங்கலாம் நெலிதா" என்கிறார்கள் எல்லோரும்.
தூங்கத்தான் படுக்கிறேன்.
வேலை போன ஆள்
ஷிப்டு நேரத்துக்கு எழுந்து உட்கார்வதுபோல
இரண்டே முக்காலுக்கு உட்கார்கிறேன்.
வெளியே காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்குகிறது.
உள்ளே காற்று
நாய்க்குட்டிபோல அவன் தலைமாட்டில் படுத்திருக்கிறது.
இழுத்து விடுவது அவனா, அதுவா?
காது வைத்தால் ஒரே மாதிரி கேட்கிறது.

நேற்றுக் காலை முகம் சிரிக்கவில்லை.
"பெரிய கசிவு" என்று படித்தான்.
"இரண்டு ஐம்பதிலிருந்து மூன்று எட்டு வரை.
பதினெட்டு நிமிடம்!
பட்டை தளர்ந்ததா? தாடியை மழிக்கணுமோ?"
ஓர்னெலாவுக்கு எழுதினான்.
மெத்தை ஓரம் தேய்ந்திருக்கும், மாற்றிவிடுங்கள் என்று பதில் வந்தது.

நான் மாத்தேவுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

விரல் நுனியால் துளிதான் தூக்கினேன்,
மூக்கோரம், அந்தச் சிலிக்கானை.
என் கன்னத்தை அங்கே வைத்தேன்.
முதலில் பெட்டியின் காற்று.
அப்புறம், அதனூடே,
கொஞ்சம் வெதுவெதுப்பாக,
ராத்திரி தின்ற வெங்காயத்தின் வாசனையோடு
அவனுடையது.

நான் எண்ணவில்லை.
பெட்டிதான் எண்ணியிருக்கிறது.

புது மாஸ்க் வியாழக்கிழமை வருகிறது.
பணம் கட்டிவிட்டான்.